இன்னொரு வாட்டி பாடு

சக்கரவர்த்தியிடம் போய், "உங்க காது எப்படி?" என்று கேட்பது, திருவண்ணாமலையில் நின்றுகொண்டு மலை எங்கே இருக்கிறது என்று கேட்கிற மாதிரி. ஊரில் யாரும் அப்படிக் கேட்கத் துணிந்ததில்லை.

'சக்கரவர்த்தி சவுண்ட் சர்வீஸ்' என்று பச்சைப் பெயிண்டில் எழுதிய பெட்டிகள் போகாத கல்யாண மண்டபம் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம், தீபத் திருவிழா என்று காலமெல்லாம் ஊருக்குப் பாட்டு ஊற்றியவர் அவர். கூம்பு ஸ்பீக்கருக்குக் கீழேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஆம்ப்ளிபயரின் திருகை ஒரு மயிரிழை இப்படியும் அப்படியுமாகத் திருப்பிக்கொண்டிருப்பார். எங்கோ நாலு தெரு தள்ளி மைக் இரைந்தால் போதும், "எவன்டா அவன், காதை அடகு வெச்சிட்டு வந்தவன்?" என்று இங்கிருந்தே திட்டு கிளம்பும். கர்வம் ஜாஸ்திதான். ஆனால் தொழில் சுத்தம் என்பதால் ஊர் அதைப் பொறுத்துக்கொண்டது.

பெண்டாட்டி சொல்வது மட்டும் அவர் காதில் ஒரே தடவையில் ஏறாது என்று உறவுக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். எந்தப் புருஷனுக்குத்தான் ஏறியது? அவரும் சிரிப்பார், அவர் மனைவி ஆதிலட்சுமியும் சிரிப்பாள்.

அந்த ஆதிலட்சுமி போன தை மாதம் போய்விட்டாள். இதயத்தில் வால்வு கோளாறு. வேங்கிக்கால் புது வீட்டுக்குக் குடி வந்த நாளிலிருந்தே மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கும். அப்படியும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி பஜனைக் குழுப் பெண்களோடு கிரிவலம் போவதை நிறுத்தவில்லை. நடக்க முடியாமல் போனபோது, வழியில் அடி அண்ணாமலை கிராமத்தில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்து, அங்கேயே ஒரு பாட்டுக் கட்டினாள்.

'சுத்தி வந்த காலு சோர்ந்துபோச்சு சாமியே, சித்த நேரம் குந்திக்கட்டா சொல்லு அண்ணாமலையே' என்று தொடங்கும் பாட்டு. இலக்கணம் கேட்டால் ஒன்றும் இல்லை. ஆனால் நடந்து களைத்தவர்கள் அதைக் கேட்டால் அப்படியே நின்றுவிடுவார்கள்.

அந்தப் பாட்டைத்தான் சக்கரவர்த்தி வீட்டிலேயே பதிவு செய்திருந்தார். ஸ்டுடியோவுக்கு அவளால் அலைய முடியாது. மகள் சிந்துஜா கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்துகிறவள். வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருந்தாள். அதில் பாட்டைப் பதிவு செய்ய முடியும் என்று தெரிந்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஐப்பசி மாதம் முன்னறையின் ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி, மின்விசிறியை நிறுத்தி, அவளை மைக்குக்கு முன்னால் உட்கார வைத்தார். முதலில் அவள் குரல். அப்புறம் ஆட்களை வரவழைத்து ஹார்மோனியம், தபேலா, ஜால்ரா எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிவு செய்தார். எல்லாவற்றையும் கூட்டிக் குறைத்து ஒரே பாட்டாகச் சேர்ப்பதற்கு மிக்ஸ் என்று பெயர். அதில் அவர் கை வைப்பதற்குள் தை பிறந்துவிட்டது.

இப்போது கார்த்திகை முடிந்து மார்கழி. வருகிற தையில் அவளுக்கு வருஷத் திதி. அன்றைக்கு வருகிற எல்லோருக்கும் அவள் பாட்டைக் கேசட்டாகக் கொடுக்கவேண்டும், பௌர்ணமி அன்று கிரிவலப் பாதை முழுக்க அவள் குரல் கேட்கவேண்டும். அவளுக்கு இனி அவர் செய்வதற்கு வேறு என்ன இருக்கிறது? சோறு போட முடியாது, புடவை எடுக்க முடியாது. இதுதான் பாக்கி. இதைச் சொத்தையாகச் செய்துவிட்டால் தான் மனுஷனே இல்லை என்று நினைத்தார்.

பல மாதம் உட்கார்ந்து மிக்ஸை முடித்தார். கடைசி மெருகான மாஸ்டரிங் மட்டும் வீட்டில் ஆகாது, சென்னையில்தான் செய்யவேண்டும். போனில் பேசியபோது அங்கிருந்த ஆள் ஒரு விஷயம் சொன்னார்: "அனுப்பறதுக்கு முன்னாடி மிக்ஸை நாலு பேருக்குப் போட்டுக் காட்டுங்க சார். மாஸ்டரிங்ங்கறது இஸ்திரி போடற மாதிரி. கிழிசல் இருந்தா இஸ்திரிப் பெட்டி தைக்காது."

"என் மிக்ஸுல கிழிசலா?" என்று போனை வைத்த பிறகு சிரித்துக்கொண்டார். ஆனாலும் ஆதிலட்சுமி விஷயம். நாலு பேரிடம் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

பக்கத்து வீட்டு மணியம்மாள் ஆதிலட்சுமியோடு பஜனைக்குப் போனவள். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாட்டைப் போட்டார். பாட்டு ஓட ஓட அவள் முந்தானையை எடுத்து முகத்தின் ஓரமாக அழுத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று சக்கரவர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். முந்தானை கண்ணில் இல்லை, காதில் இருந்தது என்பதை அவர் அப்போது கவனிக்கவில்லை.

"எப்படிம்மா இருக்குது?"

"இன்னாண்ணா சொல்றது. அவளே எதிர்ல வந்து குந்திக்கினு பாடற மாதிரி இருக்குது."

ஜால்ரா போட்ட கருப்பன் பாட்டைக் கேட்டான். பாதியில் எழுந்துபோய் வெற்றிலை துப்பிவிட்டு வந்து, "சூப்பர்ணா" என்றான். கலெக்டர் ஆபீஸ் நண்பர் ஒருவர், "கண்ணுல தண்ணி வந்துடுச்சி" என்றார். எழவு வீட்டுச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று எவன் வாய் திறந்து சொல்வான்? ஊர் வழக்கம் அப்படி. செத்துப்போனவள் பாடிய சாமி பாட்டு, போட்டுக் காட்டுவது புருஷன். இதில் குறை சொல்வதற்குப் பதிலாக நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

சிந்துஜாவிடம் கேட்கவே வேண்டியதில்லை. பாட்டைப் போட்டாலே அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். தாயைப் பறிகொடுத்த பெண், தாங்கவில்லை போலும் என்று அவரும் விட்டுவிட்டார்.

கடைசியாகத் தேரடி வீதிக்குப் போனார். அங்கே சைஃபுல்லா கேசட்டும் சிடியும் பதிவு செய்து தருகிற கடை வைத்திருந்தான். சென்னைக்கு மாஸ்டரிங் அனுப்புவதும் வாங்கித் தருவதும் அவன்தான். பத்துப் பதினைந்து வருஷப் பழக்கம். நாற்பதைத் தொட்டவன், கல்லாவில் உட்கார்ந்தாலும் முகத்துக்கு நேரே பேசுகிற ஆள். சக்கரவர்த்தி சிடியைக் கொடுத்தார். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டான். பாட்டு முடிவதற்குள் அதைக் கழற்றியே விட்டான்.

"அண்ணா, கோச்சிக்கக் கூடாது."

"கோச்சிக்கறதுக்கா உன்கிட்ட வந்தேன்? சொல்லு பாய்."

"ட்ரெபிள் ரொம்ப ஜாஸ்திண்ணா. ஜால்ரா காதுல ஊசி ஏத்துது. அண்ணி 'ச'ன்னு வர்ற எடத்துல எல்லாம் பிளேடால கீறுது. இத எவனும் முழுசா கேக்க மாட்டான்."

சக்கரவர்த்தி சிரித்தார். "உன் ஹெட்போன் அவுட்டு."

சைஃபுல்லா பாட்டைக் கடையின் பெரிய ஸ்பீக்கரில் போட்டான். ஜால்ரா அடித்ததும், வாசலில் கேசட் பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி சட்டென்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பக்கத்து டீக்கடைக்காரர் தலையை நீட்டி, "பாய், இன்னாத்துக்கு இப்படி காதை அறுக்கற?" என்று கத்தினார். அவருக்கு அது யார் பாட்டு என்று தெரியாது. தெரியாததால் உண்மையைச் சொல்லிவிட்டார்.

சைஃபுல்லா கீச்சென்ற அந்த மேல் ஒலியை, ட்ரெபிளை, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான். வாசலில் நின்ற பெண்மணி கையை எடுத்துவிட்டு, பாட்டு வருகிற பக்கம் திரும்பி நின்றாள்.

"இப்போ எப்படிண்ணா இருக்குது?"

"மொத்தமா கொறைச்சிட்டியே. கம்பளி போத்துன மாதிரி இருக்குது. 'ச' எங்க? ஜால்ரா எங்க?"

"எல்லாம் இருக்குதுண்ணா," என்றான் சைஃபுல்லா மெதுவாக.

அவர் அந்தப் பெண்மணியைப் பார்த்தார். அவள் விரலால் கேசட் பெட்டியின்மேல் ஜால்ராவுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அவருக்குக் கேட்காத ஜால்ராவுக்கு. கூம்பு ஸ்பீக்கர்களுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்த அத்தனை வருஷமும் ஒரேயடியாக நினைவுக்கு வந்தது. பெண்டாட்டி கூப்பிட்டது காதில் விழாத தடவைகளும் கூடவே வந்தன.

சைஃபுல்லா பேச்சை மாற்றப் பார்த்தான். "அத நான் பாத்துக்கறேண்ணா, அது ஒரு வேலையே இல்ல. ஆனா அண்ணி இதுல ரொம்ப கத்திப் பாடறாங்க. மூச்சு முட்டுறது கேக்குது. அவங்க கொரலு இப்படி இல்லியே, பஜனையில எவ்ளோ மெதுவா பாடுவாங்க. அந்த மாதிரி பாடின டேக் ஒண்ணு இருந்தா குடுங்க, அத வெச்சிடலாம்."

இருந்தது. ஒன்றல்ல, நிறைய இருந்தன. சக்கரவர்த்திக்கு இப்போது நன்றாக நினைவிருந்தது. அவள் பாடி முடித்து முகத்தைப் பார்ப்பாள். இவர் ஹெட்போனோடு தலையை ஆட்டி, "தெளிவா இல்ல ஆதி. 'ச' எழும்பல. இன்னொரு வாட்டி பாடு," என்பார். அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பாடுவாள். கம்ப்யூட்டரில் இடம் கம்மி. தெளிவாக இல்லாததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று, ஒவ்வொன்றாக அழித்துவிட்டுத்தான் அடுத்ததைப் பதிவு செய்தார். கடைசியாக அவள் அடித்தொண்டையிலிருந்து கத்திப் பாடியதைக் கேட்ட பிறகுதான், "ஆங், இதான்!" என்று தொடையில் தட்டினார்.

"இல்ல பாய்," என்றார். "அழிச்சிட்டேன்."

சைஃபுல்லா சிடியைப் பின்னால் ஓட்டி மறுபடி ஆரம்பத்துக்குக் கொண்டுவந்தான். "செரி, இருக்கறத வெச்சிச் செய்யலாம். இன்னொண்ணு மட்டும் கேக்கணும். பாட்டுக்கு முன்னாடி அண்ணி பேசறாங்களே, அது இருக்கட்டுமா, வெட்டிடலாமா? நீங்க ஞாபகத்துக்காக விட்டு வெச்சீங்களோன்னு பாத்தேன்."

"யார் பேசறது?"

சைஃபுல்லா அவர் முகத்தைப் பார்த்தான். அவர் கையை நீட்டி ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். அவன் ஒலியை ஏற்றினான். இன்னும் ஏற்றினான். அவர் காதுக்குள் ஏதோ ஒரு இரைச்சல் வந்து போயிற்று, அதன்மேல் திடீரென்று ஹார்மோனியம் இடித்தது. வீட்டுக் கம்ப்யூட்டர் திரையில், ஒலியைக் காட்டும் கோட்டில் அந்த இடத்தில் சின்னதாக ஒரு மேடு தெரியும். அதை அவர் பல தடவை பார்த்திருக்கிறார்.

"அது ஃபேன் காத்துடா பாய்."

"ஃபேனை நிறுத்திட்டுத்தான ரெக்கார்டு பண்ணீங்க?"

அவர்தான் நிறுத்தினார், தன் கையாலேயே. "இன்னா சொல்றா?" என்று கேட்டார். சைஃபுல்லா சிடியை எடுத்துத் துடைத்தான், உறையில் போட்டான், மறுபடி வெளியே எடுத்தான்.

"கூட சிந்துஜா பாப்பா கொரலும் இருக்குதுண்ணா. வீட்ல பாப்பாவைக் கேளுங்க. அது உங்க வீட்டுப் பேச்சு, என் வாயால வேணாம்."

தேரடி வீதியிலிருந்து வேங்கிக்காலுக்கு அவர் எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. டிவிஎஸ் வண்டியில் வந்தார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்ததா இல்லையா என்று வாழ்க்கையில் முதல் தடவையாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

சிந்துஜா அப்போதுதான் சென்டரிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஒங்கம்மா பாட்டுக்கு முன்னாடி இன்னா பேசனா?"

அவள் கையிலிருந்த சொம்பு அப்படியே நின்றது. "யாருப்பா சொன்னது?"

"எல்லாருக்கும் கேக்குது. எனக்குத்தான் கேக்கல. சொல்லு."

சொல்லமாட்டேன் என்றாள். அம்மாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன் என்றாள். அவர் விடவில்லை. அவள் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே பேசியதால் அவருக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. "சத்தமா சொல்லும்மா," என்று கெஞ்சினார். அந்த மனிதர் யாரிடமும் அப்படிக் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் காதருகே உரக்கச் சொன்னாள். தாய் கிசுகிசுத்ததை மகள் கத்திச் சொல்லவேண்டியிருந்தது.

"நான்தாம்ப்பா மொதல்ல பேசனேன். 'போதும்மா, ஒனக்கு மூச்சு வாங்குது, நல்லாத்தான் பாடற, கொறை அப்பா காதுலதான், நான் சொல்லிடறேன்'னேன். அதுக்கு அம்மா, 'வாயை மூடுடி. அவரு காதை நம்பித்தான் இந்த வீடே நின்னுது. அது போயிடுச்சின்னு தெரிஞ்சா மனுஷன் ஒடஞ்சிடுவாரு. நான் கொஞ்சம் சத்தமா பாடிட்டா போவுது'ன்னு சொன்னிச்சி. அவ்ளோதாம்ப்பா. அதுக்கப்புறம்தான் அந்தக் கடைசி வாட்டி பாடினிச்சி."

சக்கரவர்த்தி அப்போதுதான் செருப்பைக் கழற்றினார்.

"எத்தினி நாளா தெரியும் அவளுக்கு?"

"ரொம்ப வருஷமாப்பா. டிவி சத்தம் நீ வெக்கறதப் பாத்தே கண்டுபுடிச்சிடுச்சி. நீ எதிர்ல இருந்தா மட்டும்தான் பேசும், கவனிச்சிருக்கியா? முதுகு காட்டிப் பேசாது."

அவர் கவனித்ததில்லை. ஊரில் எந்த மூலையில் மைக் இரைந்தாலும் கவனிக்கிறவர், வீட்டுக்குள் தன் பெண்டாட்டி ஒவ்வொரு தடவையும் சுற்றிக்கொண்டு எதிரே வந்து நின்று பேசினாள் என்பதைக் கவனிக்கவில்லை.

"நல்லா பாடிக்கினு இருந்தவளை நான் கத்த வெச்சேன்," என்றார். "அந்த மூச்சை வெச்சிக்கினு. கத்த வெச்சி, நல்லா பாடினதெல்லாம் நானே அழிச்சிட்டேன் சிந்து. ஒண்ணுகூட இல்ல. அவ கொரலே இல்ல இப்போ, அவ கத்தினதுதான் இருக்குது." அதற்குமேல் அவரால் முடியவில்லை. வாய்விட்டு அழுதார். ஆதிலட்சுமி செத்த அன்றைக்குக்கூட, பந்தலுக்கு மைக் யார் வைப்பது என்று பார்க்கப் போய்விட்டவர். ஒரு வருஷத்து அழுகை அன்றைக்கு வந்தது.

"பாட்டால ஒண்ணும் ஆவலப்பா. வால்வுதான்னு டாக்டரே சொன்னாரு," என்றாள் சிந்துஜா. அவள் சொன்னது உண்மைதான். ஆனால் உண்மை எல்லா நேரத்திலும் ஆறுதல் ஆவதில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவரே கம்ப்யூட்டரைப் போட்டார். ஆனால் நாற்காலியில் அவர் உட்காரவில்லை. சிந்துஜாவை உட்காரவைத்து, பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டார்.

"நீ சரி பண்ணு. ஒன் காதுக்கு எப்படி இருந்தா நல்லா இருக்குதோ, அப்படி வை. என்னைக் கேக்காத."

அவளுக்கு மிக்ஸ் பண்ணத் தெரியாது. ஆனால் அம்மாவின் குரல் தெரியும். ஜால்ராவை இறக்கினாள். குரலில் அவர் ஏற்றி வைத்திருந்த ட்ரெபிளை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தாள். கத்தல் தெரியாதபடி குரலையே கொஞ்சம் பின்னால் தள்ளி, ஹார்மோனியத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒவ்வொரு தடவை அவள் கை அசையும்போதும், சக்கரவர்த்திக்கு ஆதிலட்சுமி ஒரு அடி தள்ளிப் போனாள். முதலில் 'ச' போயிற்று. அப்புறம் வார்த்தைகளின் ஓரங்கள் போயின. கடைசியில் மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுகிற மாதிரி ஒரு முனகல்தான் மிஞ்சியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மவுஸைப் பிடுங்கி எல்லாவற்றையும் மறுபடி மேலே ஏற்றிவிடலாமா என்று இருந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஆனால் சிந்துஜாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. இத்தனை மாதமாக இந்தப் பாட்டைக் கேட்டால் எழுந்து ஓடியவள், இப்போது திரையின் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு தாயோடு சேர்ந்து அசைந்தது.

"முன்னாடி பேசறத இன்னா பண்றதுப்பா?"

"ஊருக்குக் குடுக்கறதுல எடுத்துடு. அது நம்ம வீட்டுப் பேச்சு. நீ மட்டும் தனியா ஒண்ணு வெச்சிக்கோ."

அவள் தலையாட்டினாள். அவர் பார்க்கும்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மொத்தமா ஒரு தடவை போடறேன், கேளு," என்றாள். பாட்டு ஓடியது. ஹார்மோனியமும் தபேலாவும் அவருக்கு ஓரளவு கேட்டன. நடுவில் அந்த முனகல் வந்தது, போயிற்று. வார்த்தைகள் அவருக்கு மனப்பாடம் என்பதால், கேட்காத இடங்களில் எல்லாம் அவரே போட்டுக்கொண்டார்.

சிந்துஜா குனிந்து, "கேக்குதாப்பா?" என்றாள்.

"நல்லா கேக்குதும்மா. இப்படியே சென்னைக்கு அனுப்பிடு."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரியில் தபேலாவும் ஹார்மோனியமும் நின்றுவிட, ஆதிலட்சுமி மட்டும் தனியாக இழுத்துப் பாடி முடிப்பாள். சக்கரவர்த்தி தலையை லேசாக ஆட்டித் தாளம் போட்டபடி உட்கார்ந்திருந்தார். ஆட்டிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சிந்துஜா அவர் கையைத் தொட்டாள்.

"பாட்டு முடிஞ்சிடுச்சிப்பா."